இரட்டை மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எலிகளுக்கு வலிப்பு மருந்து கொடுத்து, அது இரத்தத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. இரண்டு மணிக்கொரு தரம் வால் நுனியைக் கீறி இரத்தம் எடுக்க வேண்டும். அதே மருந்தைத்தான் ஆரணியில் என் அப்பா காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று விழுங்கிக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். கொதிக்கும் தொட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற மனிதருக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பொங்கலுக்குப் போனபோது அவரே கேட்டார்.

"முகூர்த்த வேல தலைக்கு மேல கீது. பத்து நாளைக்கு மாத்திரைய டபுளா போட்டுக்கட்டா? அப்பறம் நிறுத்துனா எத்தினி நாள்ல இறங்கும்?"

முதல் தொகுதி எலிகளுக்குச் சிறிய அளவுதான் கொடுத்திருந்தோம். சாயங்காலத்துக்குள் பாதி போயிருந்தது. "ஒரே நாள்ல இறங்கிடும்பா" என்றேன். டாக்டரைக் கேளுங்கள் என்று வாயில் வரவில்லை. நான் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்ற திமிர்.

அடுத்த வாரம் இரண்டாம் தொகுதிக்கு அளவைக் கூட்டினோம். மறுநாளும் மருந்து இரத்தத்தில் அப்படியே நின்றது. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் உடம்பு அதே வேகத்தில்தான் வெளியேற்றியது. எலிகள் கால் பின்னி விழுந்தன. நான் கருவியைச் சந்தேகப்பட்டேன். திரும்பவும் கீறினேன். மூன்று நாள் எண்களோடு மல்லுக்கட்டினேனே தவிர, ஆரணிக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. அதற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்காது.

நான்காம் நாள் அங்கிருந்து போன் வந்தது. ஒரு வாரம் இரட்டை மாத்திரை போட்டதில் அப்பாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஒரு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, நான் சொன்னபடி எல்லாம் இறங்கியிருக்கும் என்று மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார். வலிப்பு வரவில்லை. கால்தான் பின்னியது. வலது கை தோள்வரை தொட்டிக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு படுத்துக்கொண்டு எலிகளைப் பற்றி விசாரித்தார். அதிகமாகக் கொடுத்தால் சீக்கிரம் இறங்குவதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அப்பா சாயம் ஏறிய இடது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"பட்டும் அப்படித்தான். இவ்ளோதான் இழுக்கும். மீதிச் சாயம் தொட்டியிலயே நின்னுகினு இருக்கும். எனக்கு அப்பவே அந்த யோசன வந்துச்சி. படிச்ச புள்ள சொல்லுதேன்னு உட்டுட்டேன்."