ஒரே ஆள் தூக்கும் பெட்டி

இசைக்குழுவில் எல்லோரும் அவளைப் பேஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடிச்சத்தம் எழுப்பும் நாலு தந்தி பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவள். பாட்டு முடிந்தால் ஜனங்கள் பாடகரைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். அவளுக்கு அதில் மனக்குறை எதுவும் கிடையாது. "பேஸை யாரும் கேக்கமாட்டாங்க. நிறுத்திப் பாரு, என்னமோ குறையுதேன்னு அப்பத்தான் தேடுவாங்க" என்று அவள் புருஷன் சொல்லுவான்.

அவன் டிரம்ஸ்காரன். ஆளும் ஒல்லி, கையிலும் எந்நேரமும் டிரம்ஸ் குச்சி. இரண்டுக்கும் சேர்த்துக் குச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டிக்கொண்ட பிறகும் அவள் வாயில் வேறு பெயர் வரவில்லை. அவனுடைய அக்காவுக்கு, அதாவது இவளுடைய அண்ணிக்கு, ஆரம்பத்தில் இது பிடிக்கவே இல்லை. "புருஷனைக் குச்சின்னு கூப்பிடுற பொண்ணை இப்பத்தான் பாக்குறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அண்ணியே ஒருநாள் சமையலறையிலிருந்து "குச்சி, சாப்பிட வாடா" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அதற்குள். நெஞ்சு உயரம். குளிர்சாதனப் பெட்டி மாதிரி நின்றதால் அதற்குப் பெயர் பிரிட்ஜ். வீடோ மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. கீழே வைத்தால் ஈரம் ஏறிவிடும் என்று, ஒவ்வொரு கச்சேரிக்கும் இருவரும் அதை இறக்கி, முடிந்ததும் ஏற்றுவார்கள். ஏறும்போது பாரமெல்லாம் கீழே பிடிப்பவன்மேல்தான் சாயும். அந்த இடத்தைக் குச்சி ஒருநாளும் அவளுக்கு விட்டதில்லை. "மேல நீ பிடி. நான் வெறும் எலும்பு, நசுங்குறதுக்கு என்ன இருக்கு?" என்பான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்து, படியிலேயே உட்கார்ந்து, பெட்டியை முதுகால் தாங்கிக்கொண்டு இருவரும் இளைப்பாறிய சாயங்காலங்கள் எத்தனையோ.

பேஸ் வாசிப்பவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. மேடையில் நிற்கும்போது தன் சத்தம் வெளியே எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் மெலிசாகக் கேட்பது கடைசி வரிசையில் போய் வீங்கும். அதனால் கச்சேரிக்கு முன் சத்தம் சரிபார்க்கும்போது குச்சி டிரம்ஸை விட்டு இறங்கி மண்டபத்தின் கடைசிக்கு நடந்து போவான். அங்கிருந்து கையால் பேசுவான். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கினால் அடிச்சத்தத்தைக் குறை என்று அர்த்தம். மல்லாத்தித் தூக்கினால் கூட்டு. நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால், போதும், இப்படியே இரு. அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அன்றைய கச்சேரி தொடங்கும்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் நிமிரவில்லை. பக்கவாதம் என்றார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கிப்போயிருந்தது, வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். பேச்சு போய்விட்டது. முழுசாகப் போயிருந்தால்கூட மனசு ஒருவழியாக அடங்கியிருக்கும். ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது.

"பசிக்குதா குச்சி?"

"சரி."

"வலிக்குதா?"

"சரி."

"என்னைத் தெரியுதா?"

"சரி, சரி."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமைசாலி. தண்ணீர், டீ, அக்கா என்று படம் காட்டிக் காட்டிப் பார்த்தாள். அவன் அவள் வாயையே உற்றுப் பார்ப்பான், உதட்டைக் கூட்டுவான், நெற்றியில் வேர்த்துவிடும். வெளியே வருவது சரிதான். சில நாள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவனே கண்ணை மூடிக்கொள்வான். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மாதங்கள் போயின. குழுவை நடத்தும் பாடகர் பெரிய மனசுக்காரர், அவ்வளவு நாளும் அவள் இடத்துக்கு நிரந்தரமாக யாரையும் போடவில்லை. ஒருநாள் வீட்டுக்கே வந்து, குச்சியின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "வந்துடும்மா. அவனைப் பாத்துக்கணும்னாலும் நீ வாசிச்சாத்தான் முடியும்."

அவளுக்கும் அது தெரியும். அண்ணி பகலிலும் கச்சேரி இரவுகளிலும் வந்து தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். மிச்சம் இருந்தது பிரிட்ஜ். கீழ்வீட்டுக்காரர் ஒரு கை கொடுக்கிறேன் என்று வந்தார். முதல் திருப்பத்திலேயே பெட்டி அவர் பிடியிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. "மன்னிச்சுக்கம்மா, இது மனுஷன் தூக்குற சாமானா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவளும் அவரும் திணறித் திணறி அதைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். கூடத்திலிருந்து குச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியின் கையை இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பிரிட்ஜைக் கொடுத்துவிட்டு, தான் ஒருத்தியாகத் தூக்கக்கூடிய பெட்டி வாங்குவது.

கடைக்குப் போன அன்று அண்ணிக்குக் காய்ச்சல். குச்சியைத் தனியாக விட முடியாது, அதனால் கூட்டிப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிஜம் வேறு. நல்ல சட்டை போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக இறக்கிக் கூட்டிப்போகும்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு ஆசை குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. பேச்சுதானே போனது? காது போகவில்லையே.

கடைக்காரருக்கு இருவரையும் நெடுநாள் பழக்கம். குச்சியைப் பார்த்ததும் முகம் வாடியது, உடனே சமாளித்துக்கொண்டார். "வாடா குச்சி, உன் டிரம்ஸ் தோலெல்லாம் விக்காமத் தூங்குது" என்று தோளைத் தட்டி, கடையின் கோடியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"தங்கச்சி, பதினஞ்சு அங்குலம் ஒண்ணு போட்டா அடிச்சத்தம் கும்முனு இருக்கும். ஆனா வேகமா வாசிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பத்து அங்குலம் நாலு போட்டா உன் பழைய பெட்டியோட தம்பி மாதிரி, சத்தம் பளிச்சுனு வரும், எடையும் அதே குடும்பம். பன்னெண்டு அங்குலம் ஒவ்வொண்ணா ரெண்டு பெட்டி இருக்கு. காந்தம் புது மாதிரி, எடை குறைவு. ரெண்டையும் மாட்டினா உன் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருத்தமா இருக்கும். சின்ன இடத்துக்கு ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போகலாம்."

"ஒவ்வொண்ணா கேக்குறேன்" என்றாள்.

முதலில் பதினைந்து. அவளும் குச்சியும் கச்சேரிக்கு முன் வழக்கமாக வாசித்துப் பார்க்கும் மெட்டையே வாசித்தாள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. குச்சியைப் பார்த்தாள்.

"சரி" என்றான்.

பத்து அங்குல நாலில் வாசித்தாள். அதுதான் அவள் தேடிய சத்தம். விரல் பட்ட இடமெல்லாம் தெளிவாகக் கேட்டது. வாசித்து முடித்து, கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கடைக்குள் மாடிக்குப் போகும் படி இருந்தது. இரண்டு படிதான் ஏற முடிந்தது. கடைக்காரர் ஓடி வந்து தாங்கினார். இறக்கி வைத்தாள்.

"சரி, சரி" என்றான் குச்சி.

பிறகு பன்னிரண்டு அங்குலப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசித்தாள். மோசமில்லை. தடித்த தந்தியில் கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோலத் தோன்றியது. அல்லது அவள் கிட்டே நிற்பதாலா? தலை நிமிர்ந்தாள்.

குச்சியின் இடது கை உயர்ந்திருந்தது. உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. கீழே அமுக்கினான்.

அந்தப் பழைய சைகையேதான். ஆம்ப்ளிஃபயரின் திருகைப் பிடித்தாள். அடிச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி வாசித்தாள். அவன் மறுபடி அமுக்கினான். இன்னும் குறைத்தாள். "இப்ப? இப்ப எப்படி இருக்கு குச்சி?" என்று கத்தினாள், முகமெல்லாம் சிரிப்பு. அவன் இன்னும் வேகமாக, மறுபடியும் மறுபடியும் கையைக் கீழே காட்டினான். அவள் வாசிப்பதை நிறுத்தவே இல்லை.

கடைக்காரர்தான் மெதுவாக வந்து தந்திகளின்மேல் கை வைத்தார்.

"தங்கச்சி... அவன் காட்டுறது வேற."

அப்போதுதான் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் ஈரம். நல்ல கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அவளை அழைத்துக்கொண்டிருந்தானோ. குச்சி தலையைத் தொங்கப்போட்டிருந்தான். தோள் குலுங்கியது. வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. "சரி... சரி... சரி..."

அவள் கிட்டாரைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே போய் அவன் முன்னால் மண்டியிட்டு, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லடா. நான்தான் கவனிக்கல" என்றாள். கடைக்காரர் யாரும் சொல்லாமலே கதவைச் சாத்தி, ஒரு துணியும் தன் வீட்டு வேட்டி ஒன்றும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவனைத் துடைத்து, வேட்டி கட்டிவிட்டு, தரையையும் அவளே துடைத்தாள். பிறகு எழுந்து, "அந்தச் சின்னப் பெட்டி ரெண்டையும் எடுத்துக்கிறேன் அண்ணே" என்றாள்.

"இன்னொரு நாள் வந்து நிதானமா கேட்டுப் பாரேம்மா."

"தூக்க முடியுது. அது போதும்."

பிரிட்ஜை எடுத்துப்போகக் கடையிலிருந்து நான்கு ஆட்கள் வந்தார்கள். அது நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. அண்ணி அங்கே ஒரு கட்டிலைப் போட்டாள், குச்சிக்கு ஜன்னல் பக்கம் காற்று வரட்டும் என்று. புதுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக, இரண்டு நடையில், யாரையும் கூப்பிடாமல் அவள் ஏற்றி இறக்கினாள். எளிதாகத்தான் இருந்தது. அந்த எளிமைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பாதிப் படியில் நிற்கவோ உட்காரவோ இனி ஒரு காரணமும் இல்லை.

கச்சேரிகள் மறுபடி நடந்தன. புது டிரம்ஸ்காரன் நல்ல கைக்காரன், தாளம் பிசகாது. மரியாதை தெரிந்தவன். குச்சியின் வாசிப்பைக் கேட்டுப் பழகியதாக வந்த அன்றே சொன்னான். அவனோடு சேர்ந்து வாசிப்பது பழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம், பக்கத்துத் தெரு மண்டபத்தில் சத்தம் சரிபார்க்கும் நேரத்தில், அண்ணி குச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கடைசி வரிசையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். வீட்டுக்குள்ளேயே கிடந்து முகம் கறுத்துப்போச்சு, கொஞ்சம் வெளியே பார்க்கட்டும் என்று. இந்தத் தடவை அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. கிட்டார் வாசிப்பவனிடம் தன் பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, கடைசி வரிசைக்கு நடந்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அந்தச் சின்னப் பெட்டிகளின் சத்தம் நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்து வந்து காலில் ஏறியது. கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. அவளே எழுந்து கையைக் கவிழ்த்துக் காட்டினாள். மேடையில் இருந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அடிச்சத்தத்தைக் குறைப்பா!" என்று கத்த வேண்டியிருந்தது.

குச்சி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரம்ஸ் பளபளத்துக்கொண்டு காலியாக நின்றது. புது டிரம்ஸ்காரன் அவன் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். குச்சிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ வந்து உக்காருங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

குச்சி அவற்றைப் பார்த்தான். இடது கை மடியிலிருந்து எழுந்து, பாதி வழியில் நின்றது. உதடு கூடியது. நெற்றி சுருங்கியது. அவள் வழக்கமான அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"வேணாம்" என்றான்.

தெளிவாகச் சொன்னான். அவனுடைய பழைய குரலில், கொஞ்சம் கரகரப்போடு. சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரம்ஸ்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அண்ணி திரும்பி வரும் வரை பொறுக்க முடியாமல், வராந்தாவுக்குப் போய் அவளுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, பேசிட்டாரு. புதுசா ஒரு வார்த்தை."

"ஐயோ, நிஜமாவா! என்னடி சொன்னான்? உன்னைக் கூப்பிட்டானா?"

உள்ளே கிட்டார்காரன் பேஸை வாசித்துக்கொண்டே இருந்தான், யாரும் நிறுத்தச் சொல்லாததால்.

"என்னடி, சொல்லேன்!"

"வாங்க அண்ணி" என்றாள். "நீங்களே வந்து கேளுங்க."