எண்ணெய்க் காலோடு பிரேக் பிடிக்க முடியாது

பிள்ளைகளா, சாரல் சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உங்கள் மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். செருப்புக்குள் கால் வழுக்கியது. பிரேக்கைச் சரியாக மிதிக்க முடியவில்லை. உடனே ஓரமாக நிறுத்தி, காலையும் செருப்பையும் துண்டால் அழுந்தத் துடைத்தேன்.

“என்ன அத்தான், காலுக்குப் பாலிஷா போடுதிய? பசிக்குது!” என்றான் மாமா.

“பேசாம ஹெல்மெட்ட மாட்டு மாப்ள.”

நனைந்த ரோட்டில் மெதுவாகத்தான் வந்தேன். இலஞ்சி வளைவில் ஒரு சின்னப் பெண் சைக்கிளோடு திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். கால் வழுக்கவில்லை. அவளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அவள் எங்களை முறைத்துவிட்டு, மணியடித்தபடி போய்விட்டாள். எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்காதவன் நான். அன்று அவள் முழுசாகப் போவதைப் பார்த்தபோது, ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.