முனியசாமியின் பஸ்ஸில் ஒரு ஜப்பான் பாட்டு

முதுகுளத்தூர் முனியசாமிக்கு தோஹா தொழில்பேட்டையில் சொத்து என்று ஒன்று உண்டென்றால், அது தொழிலாளர் கேம்ப் பஸ்ஸின் டிரைவர் சீட்தான். அதில் ஏறி உட்கார்ந்தால் கத்தாரே தனக்குக் கீழே இருப்பதாக நினைப்பு. மூன்று வருஷமாக அவர் லீவுக்குப் போகவில்லை. லீவில் போனவன் வண்டி அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்பது கம்பெனி வழக்கம். "தீவாளிக்காவது வாறீகளா?" என்று மனைவி கருப்பாயி போனில் கேட்டால், "வண்டிய யாரு பாக்குறது?" என்பார், ஏதோ வண்டிக்குப் பால் கொடுக்க வேண்டியதுபோல.

அந்த சீட்டுக்கு முதல் வருஷமே பாட்டால் ஆபத்து வந்தது. தமிழ்ப் பாட்டு போட்டால் வங்காளிகள் கத்தினார்கள். வங்காளப் பாட்டு போட்டால் மலையாளிகள் முறைத்தார்கள். நேபாளிப் பாட்டுக்கு ஒருநாள் சட்டையே கிழிந்தது. இன்னொரு சண்டை வந்தால் ஸ்டோரில் பெட்டி தூக்கப் போகலாம் என்று எகிப்துக்கார மேனேஜர் ஹம்தி சொல்லிவிட்டார்.

நல்லவேளை, சைட்டைப் பார்க்க வந்த ஜப்பான் எஞ்சினியர் ஒரு பென்டிரைவை பஸ்ஸில் விட்டுப் போனார். உள்ளே ஒரே பாட்டு. ஒருத்தி மூக்கடைத்த குரலில் பாடினாள், பின்னால் யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள். ஜப்பானிலேயே அதை நாலு பேர் கேட்டிருந்தால் அதிசயம். ஆனால் பஸ்ஸில் அது யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு. சண்டை போட ஆளில்லை. ஒரே வாரத்தில் அறுபது பேரும் கூடவே பாடினார்கள். போகவும் வரவும் அதே பாட்டு, அலுக்கவே இல்லை.

அமைதியைக் கெடுக்க வெல்டர் பாலகுரு ஒருவன் போதும். ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து திரும்பும்போது, மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து போனை ஸ்பீக்கரிடம் நீட்டினான்.

"அண்ணே, இதுல அர்த்தம் வருது!"

"அர்த்தம் எதுக்குடா? நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு?"

அவன் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரியும்படி இந்தியில் உரக்கப் படித்தான். 'மீன் பொரித்து வைத்தேன், நீ வரவில்லை. நாளையும் பொரிப்பேன். மூன்றாம் நாள் நானே தின்றுவிடுவேன்.'

அது என்ன மீன் என்று பேச்சு கிளம்பியது. ஒரு வங்காளி, "இலிஷ்!" என்றான். "மத்தி," என்றார் ஒரு மலையாளி. "வஞ்சிரம்யா!" என்று பாலகுரு எகிறினான். கேம்ப் வாசலுக்கு வருவதற்குள் மூன்று பேர் காலர் மூன்று பேர் கையில் இருந்தது.

ஹம்தி ஏறினார். முனியசாமி ஸ்டோர்ப் பெட்டிகளை நினைத்துக்கொண்டார். சீட் போச்சு.

என்ன சண்டை என்று கேட்ட ஹம்தி, பாட்டை மறுபடி போடச் சொல்லி முழுக்கக் கேட்டார். நைல் நதி மீன்தான் என்று தீர்ப்புச் சொல்லி, "கலாஸ், முடிந்தது!" என்றார். அறுபது பேரும் ஒன்றுசேர்ந்து அவரிடம் மல்லுக்கு நிற்க, பழைய சண்டை மறந்தே போனது. சீட்டும் தப்பியது.

முனியசாமி மட்டும் தீபாவளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கருப்பாயி முதல் தீபாவளிக்குக் கேட்டாள், அடுத்த தீபாவளிக்கும் கேட்டாள். இந்த வருஷம் கேட்கவே இல்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சார், லீவு வேணும்."

"பஸ் போய்விடும், தெரியுமா?"

"போகட்டும் சார்."

சாவியை ஹம்தி கையில் வைத்தார். பிறகு தமிழில், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"அவ தின்னுட்டாளான்னு போயிப் பாக்கணும்."