முதல் நாள் வேப்பம்பூ ரசம்

என் கல்யாணப் பேச்சின்போது அம்மா ஒரு புளுகு விட்டாள். "எங்க பொண்ணு முப்பது பேருக்குத் தனியாளா சமைப்பா." முப்பது பேருக்கு என்னால் தண்ணீர் வேண்டுமானால் கொடுக்க முடியும். பி.காம். முடித்துப் பல்லாவரத்தில் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். சோறு வடிப்பேன், அப்பளம் சுடுவேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கும் ரசத்தைப் பார்த்துப் பார்த்து அதுவும் ஒரு மாதிரி வரும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், கிழக்குத் தாம்பரத்து வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாத்தனார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வந்த சில நாட்களில் மாமியார் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நல்ல நாளும்மா. பாயசம் வெச்சு ஆரம்பி. புது மருமக கையால முதல்ல இனிப்புதான் வரணும்."

பாயசத்தோடு விடுவார்களா? பின்னாலேயே சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் வரும். ரயில்வேக்காரர் வீட்டிலேயே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடவுள் கண் திறந்தார். வேலை நிரந்தரமான கடிதத்தோடு கணவர் வீட்டுக்கு வந்தார். "இதைப் போய் வீட்டுச் சாப்பாட்டோட விடறதாங்க?" என்றேன். வெள்ளிக்கிழமை அடுப்பு மூடியே இருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்தோம். நாண், பன்னீர், முந்திரி மிதக்கும் குருமா, கடைசியில் ஐஸ்கிரீம். கை கழுவ எலுமிச்சம்பழத் துண்டு போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். மாமனார் அதை முகர்ந்து பார்த்து, "இருக்கறதுலயே இதுதான் வயித்துக்கு நல்லதுபோல" என்றார்.

சனிக்கிழமை நாத்தனாரின் டைப்ரைட்டிங் ரிசல்ட் வந்தது. அதற்கும் ஹோட்டல், யோசனை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள். "பத்து நாளுக்கெல்லாமா கொண்டாடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் செருப்பை மாட்டினார். அன்றைக்கு வந்த சோலா பூரி அவர் தலையைவிடப் பெரிது.

திங்கட்கிழமை வீடே படுத்துவிட்டது. கணவர் லீவு போட்டார். நாத்தனார் ஓமவாட்டர் பாட்டிலும் கையுமாக இருந்தாள். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க" என்று மாமனார் ஈஸிசேரில் முனகினார். மாமியார் சமைக்க எழுந்தார், முடியாமல் திரும்பவும் சுருண்டுகொண்டார். என் வயிறு மட்டும் கல் மாதிரி இருந்தது. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. குட்டு உடையாமல் இருக்க நான் ஆடிய ஆட்டத்தில் நான்கு பேர் படுத்துக் கிடந்தார்கள். வருவது வரட்டும் என்று அடுப்படிக்குள் போனேன்.

அங்கே ஒரு முறம் நிறைய வேப்பம்பூ காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு மரம் எங்கள் மொட்டை மாடியில் கொட்டுவதை மாமியார் தினமும் அள்ளிக் காயவைப்பார். பங்குனி வந்தால் என் அப்பா வைக்கும் ரசமும் அதுதான். புளியைக் கரைத்தேன். பருப்புத் தண்ணீர் விட்டு நுரை கட்டியதும் இறக்கினேன். நெய்யில் கடுகும் மிளகாயும் தாளித்து, பூவைக் கருகருவென்று வறுத்துக் கொட்டினேன். அந்த வாசனைக்கே மாமனார் எழுந்து வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சூடான குழைந்த சோறு, அதன்மேல் ரசம், சுட்ட அப்பளம், ஜாடியிலிருந்து மாவடு. கணவருக்கு நெற்றியில் வியர்த்தது. "அப்பாடா" என்றார் மாமனார். மூன்று நாளில் அவர் சாப்பாட்டைப் பற்றி மனசாரச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நாத்தனார் நிமிர்ந்தாள். "அண்ணி, நீங்க முதல்முதல்ல சமைக்கிறது இதுதானே? இனிப்பு இல்ல பண்ணணும்? இது கசப்பாச்சே!"

நான் திரும்பினேன். மாமியார் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. உள்ளே வந்தார். டப்பாவைத் திறந்து சுண்டைக்காயளவு வெல்லத்தை எடுத்து ரசத்தில் போட்டுக் கலக்கினார்.

"இப்ப இது இனிப்புதான். எனக்கும் ஒரு தட்டு வை."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அத்தை, எனக்கு இதைத் தவிர வேற எதுவும் வராது" என்று அழுதுவிட்டேன்.

"தெரியும்மா. சமைக்கத் தெரிஞ்சவ மூணு நாளும் ஹோட்டலுக்கா இழுத்துட்டுப் போவா?" என்றபடி ரசத்தைச் சோற்றில் பிசைந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார் மாமனார்.

அடுத்த வாரம் அம்மா எங்களைப் பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாக, "முதல்ல என்ன பண்ணினா சம்பந்தி?" என்று கேட்டாள். மாமியார் காப்பியை ஆற்றிக்கொண்டே, "வெல்லம் போட்டுத்தான் பண்ணினா. இவர் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டார்" என்றார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.