மாமியாரோடு ஒரு மதுக்கடை உலா

மலேசியாவில், மூவார் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் உயரமான ஸ்டூல் இருக்கிறது. ரப்பர் மரத்தில் செய்தது. கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை உண்டு. உட்காரும் பலகை என் இடுப்புக்கு வரும். நான் வேலை செய்யும் மேசை நாற்காலி ஃபேக்டரியில் கழித்துப் போட்ட சரக்கு அது. அங்கே எனக்குத் தரம் பார்க்கும் வேலை. சமமட்டப் பலகைமேல் ஒவ்வொன்றாக நிறுத்தி, உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பேன். ஆடினால் ஒதுக்கிவிடுவேன். இந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஒரு நூல் குட்டை. கப்பலேற லாயக்கில்லை என்று நானே ஒதுக்கி, மேனேஜரிடம் கேட்டு நானே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் காலடியில் ஒட்டியதும் ஆட்டம் நின்றுபோனது.

உண்மையில் அது மதுக்கடைகளுக்காகச் செய்யப்படும் ஸ்டூல். என் மாமியார் முதல்முறை பார்த்தபோது, "யாரு மாப்ள உக்காருவா இவ்ளோ ஒசரத்துல?" என்று கேட்டார். "அடுப்படிக்குத்தான் அத்தை. வெள்ளக்காரங்க இதுல உக்காந்துதான் காய் நறுக்குவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு அதன்மேல் கறிவேப்பிலைத் தட்டை வைத்தார். அன்றிலிருந்து அது தட்டு வைக்கிற ஸ்டூலாகவே இருந்தது.

அத்தையிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல. பெண் பார்க்க சாஆ என்கிற சின்ன ஊருக்குப் போன அன்று அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கவில்லை. தேநீரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணி போடுவீங்களா தம்பி?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. "இல்லைங்க" என்றேன். வாரக் கடைசியில் ஃபேக்டரி நண்பர்களோடு இரண்டு பீர், சில வாரம் மூன்று. அதையெல்லாம் தண்ணி என்று யார் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது அன்றைய என் நியாயம். கல்யாணமான ஒரே மாதத்தில் என் மனைவிக்குத் தெரிந்துபோனது. "அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்பதோடு அவள் விட்டுவிட்டாள். அதன்பின் பன்னிரண்டு வருஷம், அத்தை எங்கள் வீட்டுக்கு வருகிற வாரமெல்லாம் நான் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே வாழ்ந்தேன்.

மாமனாரை நான் பார்த்ததில்லை. என் மனைவிக்குப் பன்னிரண்டு வயதில் ஈரல் கெட்டு இறந்துபோனார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், நல்ல உழைப்பாளி என்று எல்லாரும் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகிற சாலையோரத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் விற்கிற கடை ஒன்று இருந்ததாம். வாசலில் நீலத்துணி தொங்கும். அந்தத் துணியைத் தாண்டி எந்தப் பெண்ணும் உள்ளே போனதில்லை. நாள் முழுக்க உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து, அத்தை அந்த வாசலில், சாக்கடைக்கு இந்தப் பக்கம் நிற்பார். உள்ளே போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார். "போ, இதோ வரேன்" என்று குரல் மட்டும் வரும். ஆள் வர மாட்டார். இப்படிப் பத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறார். இதையெல்லாம் அவர் அழுதுகொண்டு சொன்னதில்லை. முள்ளங்கி சீவிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்வார்.

என் கொழுந்தியாளின் பட்டமளிப்பு விழாவுக்காக நாங்கள் ஜொகூர் பாருவுக்குப் போனோம். முதல் நாள் மாலை அக்காவும் தங்கையும் ரவிக்கை வாங்கவும் முடி திருத்தவும் கிளம்பிவிட்டார்கள். அத்தை அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூவார்க்காரனுக்கு ஜொகூர் பாரு எப்போதுமே பெரிய ஊர்தான். பழைய டவுன் பக்கம் சுற்றுப்பயணிகளை நடத்திக் கூட்டிப்போய், ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறு மதுக்கடைகளைக் காட்டுகிறார்கள், ஒவ்வொரு கடையிலும் அரை மணி நேரம் என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். பேரையும் பதிந்துவிட்டேன். யாரையும் தெரியாத ஊரில், கிராம்பு இல்லாமல் ஒரு சாயங்காலம். அதற்கு மேல் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

ஹோட்டல் வரவேற்பறைக்கு வந்தால், அத்தை கைப்பையோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். "எங்க மாப்ள கெளம்பிட்டீங்க?" என்றார். "சும்மாதான் அத்தை. பழைய கட்டடமெல்லாம் சுத்திக் காட்டுறாங்களாம்." இதுதான் நான் செய்த பெரிய பிழை. ஆபீஸ் வேலை, நண்பரைப் பார்க்கிறேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "அப்படியா, நானும் வரேன். ரூம்ல ஏசி குளுருது" என்று எழுந்துவிட்டார். மாமியாரிடம் வர வேண்டாம் என்று சொல்கிற மருமகன் எந்த ஊரில் இருக்கிறான்? செருப்பை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, தூக்குமேடைக்குப் போகிறவனாக நான் பின்னால் போனேன்.

கூட்டிப்போக வந்தவள் ஒரு சின்ன அமோய், சீனப் பெண். கையில் மஞ்சள் கொடி. சிங்கப்பூரிலிருந்து வந்த நாலைந்து பேர், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நாங்கள். எல்லார் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டே வந்தவள், அத்தையின் நூல் புடவையையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். "அலமாக், ஆன்ட்டி. இது மதுக்கடைக்குப் போற டூர்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். தோட்டத்து மலாய் அத்தைக்கு நன்றாக வரும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் கையை அவள் முன்னால் நீட்டி, "ஒட்டு, அமோய்" என்றார்.

முதல் கடையில் நான் எலுமிச்சைச் சாறு கேட்டேன். அத்தை பச்சைத் தண்ணீர் கேட்டார். மற்றவர்கள் நுரை வழிய வழியக் குடித்துக்கொண்டிருக்க, எங்கள் மேசை மட்டும் ஆஸ்பத்திரி கேன்டீன் மேசை போல இருந்தது. அத்தை கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கடையில் எழுந்துபோய்ச் சுற்றியே வந்தார். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பாட்டில்கள், கச்சான் கடலைத் தட்டு, சுவரில் ஓடிக்கொண்டிருந்த பந்தாட்டம், தனியாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்று ஒன்றையும் விடவில்லை. கழிவறை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இவ்ளோதானா மாப்ள உள்ள இருக்கறது?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நீலத்துணிக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று அவர் இத்தனை காலம் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குச் சங்கடமெல்லாம் போய், அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது.

மூன்றாவது கடையில் உயரமான ஸ்டூல்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஃபேக்டரிச் சரக்குதான். அத்தைக்கும் தெரிந்துவிட்டது. கொடிக்காரப் பெண் கைகொடுக்க, குறுக்குக் கட்டையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். "நம்ம அடுப்படியில இருக்கறது இதானே? வெள்ளக்காரங்க காய் நறுக்கறது?" என்றார். நான் மெனு அட்டையை எடுத்துப் பிரித்தேன். "கிராம்பும் எனக்குத் தெரியும் மாப்ள. அவரும் கிராம்புதான் போட்டுக்கிட்டு வருவாரு." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மீனில் உப்புக் கம்மி என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "ஒன்னு கொண்டாரச் சொல்லுங்க. எனக்கு முன்னாடி குடிங்க. குடிச்சிட்டு எந்திரிங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "ஒன்னு குடிச்சிட்டு எந்திரிச்சி வீட்டுக்கு வர்ற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல மாப்ள. அப்படி ஒன்னு உண்டான்னே எனக்குத் தெரியாது. எம் பொண்ணக் குடுத்திருக்கேன். நான் பாக்கணும்."

ஒரு பீர் சொன்னேன். இரண்டு வந்தது. ஆறரை மணிக்குள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம், பையன் சிரித்துக்கொண்டே இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். மாமியார் எதிரே உட்கார்ந்து பார்க்கப் பார்க்கப் பீர் குடிப்பதைவிட விளக்கெண்ணெய் குடித்துவிடலாம். ஆனால் பாதிக்கு மேல் அது தன் வேலையைக் காட்டியது. தோள் தளர்ந்தது. வெயிலில் நடந்து வந்த தொண்டைக்கு நன்றாகத்தான் இருந்தது. முதல் கிளாஸ் காலியானதும் கீழே வைத்தேன். வைத்த கை, என்னைக் கேட்காமல், அடுத்த கிளாசை நோக்கிப் போனது. தொடவில்லை. அதற்குள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த நேரம் அத்தை வாசல் பக்கம் திரும்பியிருந்ததாக எனக்கு ஞாபகம். பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறைந்த கிளாஸ் அப்படியே இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "இவ்ளோ சுலுவா மாப்ள?" என்று கேட்டார். "எந்திரிக்கறது இவ்ளோ சுலுவா?"

வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கஷ்டமான கேள்வி வந்ததில்லை. சுலபம் என்றால், அந்த மனிதரும் எழுந்து வந்திருக்கலாம், வேண்டுமென்றேதான் வராமல் இருந்தார் என்றாகிவிடும். கஷ்டம் என்றால், அவர் மகள் வீட்டுக்கும் அந்த நீலத்துணி வந்துவிடும். "எனக்குச் சுலுவு அத்தை. மாமாவுக்கு அப்படி இருந்திருக்காது" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொடிக்காரப் பெண் வந்து இன்னும் மூன்று கடை பாக்கி இருக்கிறதே என்றாள். "சுக்குப் லா, அமோய். எனக்குப் போதும்" என்று சொல்லி, ஸ்டூலிலிருந்து தானாகவே இறங்கினார். மறுநாள் விழாவுக்குப் பட்டுப் புடவையோடு அந்தக் காகிதப் பட்டையையும் கையில் கட்டியபடியே வந்தார். என்னம்மா இது என்று மகள்கள் கேட்டதற்கு, "என்னையும் உள்ள விட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு கிராம்புக்கு எங்கள் வீட்டில் பிரியாணியில் மட்டும்தான் வேலை. அத்தை சாஆவை விட்டு எங்களோடு வந்து தங்கிவிட்ட கடைசி இரண்டு வருஷமும், சனிக்கிழமை சாயங்காலம் நான் சமையலறை மேசையில் ஒரு டின்னோடு உட்காருவேன். அவர் கறிவேப்பிலைத் தட்டை எடுத்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு ஸ்டூலில் ஏறி எதிரே உட்காருவார். கோயில் கமிட்டிச் சண்டை, யார் வீட்டுப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது என்று பேசிக்கொண்டிருப்பார். நான் எழுந்ததும் அவரும் இறங்கிவிடுவார். மாமியாரோடு உட்கார்ந்து பீர் குடிக்கிற ஒரே மருமகன் மூவாரில் நான்தான் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். என்னோடு பேச அவருக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிடித்தும் இருந்திருக்கும்.

போன மாதம் அத்தை இறந்துபோனார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். காரியமெல்லாம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, வழக்கம்போல ஒரு டின் குடித்தேன். எதிரே ஸ்டூலின்மேல் கறிவேப்பிலைத் தட்டு இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டாவது டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். வளையத்தில் விரலும் போட்டுவிட்டேன்.

மனைவி தேநீரோடு வந்தாள். தட்டை எடுத்து அப்பால் வைத்தாள். ஸ்டூலை மேசைப் பக்கம் இழுத்து, அவள் அம்மா ஏறுகிற மாதிரியே குறுக்குக் கட்டையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றேன்.

"அம்மா உக்காரச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"எதுக்கு?"

"அன்னிக்கு ஜொகூர் பாருவுல உங்க கை ரெண்டாவது கிளாசுக்குப் போச்சாம்ல. அம்மா பாத்துட்டுத்தான் சுலுவான்னு கேட்டாங்களாம்."

எனக்கு முகம் சுட்டது. அத்தனை சனிக்கிழமையும் அவர் எதற்காக அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கோ ஒரு வாசலுக்கு வெளியே பத்தொன்பது வருஷம் நின்றவர், என் வீட்டில் உள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுலுவு என்று சொன்ன பொய்யை என்னிடமே விட்டுவைத்து, என் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறார்.

"வேற ஒன்னும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஆனா எந்திரிச்சிட்டாருன்னு சொன்னாங்க. அத ரெண்டு தரம் சொன்னாங்க."

டின்னைத் திறக்காமல் ஃப்ரிட்ஜுக்குள் திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினேன். அதற்கு நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. தேநீரை ஊதிக்கொண்டு, அம்மாவின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சுலுவா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.