ராட்காவின் ‘நோ’

செக் நாட்டின் ஒலொமௌட்ஸ் நகரத்து மாணவி ராட்காவுக்கு ஊர் பார்ப்பதில் கிறுக்கு. கோடை வந்தால் மாணவர் ரயில் பாஸ், முதுகுப்பை, ரொட்டிக்குள் அம்மா வைத்துக் கொடுத்த இறைச்சி வறுவல். அவ்வளவுதான், கிளம்பிவிடுவாள்.

இந்த முறை வெனிஸில் அதே ஊர்த் தோழி இவேதா காத்திருந்தாள். வழியில் ஆஸ்திரியாவில் ரயில் இரண்டாகப் பிரியும்: முன்பெட்டிகள் வெனிஸுக்கு, பின்பெட்டிகள் லுப்லியானாவுக்கு. "வெனிஸுக்கா?" என்று பரிசோதகர் ஆங்கிலத்தில் கேட்டபோது ராட்காவின் வாய் நிறைய வறுவல். "நோ, நோ" என்றாள். அவள் பேசும் செக் மொழியில் அதற்கு ‘ஆமாமா’ என்று அர்த்தம். அந்த நல்ல மனிதர் பையைத் தானே தூக்கிப்போய் அவளைப் பின்பெட்டியில் உட்காரவைத்தார். நல்ல ஜன்னலோரம் கிடைத்ததென்று அவளுக்கு ஏக மகிழ்ச்சி.

லுப்லியானாவில் இறங்கியதும் தலையிலடித்துக்கொண்டாள். அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தது, ஊருக்குள் நடந்துவிட்டாள். இவேதா போனில் பிடித்தாள்.

"எங்கடி தொலைஞ்ச?"

"லுப்லியானாவுல, ஒரு பாலத்துல. பச்சை டிராகன் சிலை ஒண்ணு இருக்கு. வாலுக்கு அடியில என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்குறேன்."

"குரலே சரியில்லையே, அழுறியாடி?"

ராட்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நோ" என்றாள்.

"ஐயோ, அழாதடி! இதோ வர்றேன்!"

"அடியே, இது இங்கிலீஷ் நோ!"