விசாரிக்க மாட்டோம் என்ற தீர்ப்பு

கம்பெனியில் ஆள் குறைத்தபோது என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. தெற்கே கடற்கரையில் பிறந்தவர். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சேர்ந்துவிட்டார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் அந்தக் கப்பலை வேறொரு நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. குஞ்சு மீனை அள்ளினார்கள் என்று குற்றச்சாட்டு. கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறந்ததோ, அந்த நாடு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை கப்பலும் ஆட்களும் பிடித்தவர்களின் துறைமுகத்தில்.

சென்னைக்கு வெளியே மண்ணூர் வாடகை வீட்டில், என் கம்பெனி வேலையோடு நான் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெபமாலையில் ஒவ்வொரு ஜெபத்துக்கும் முதல் பாதியை அவர் சொல்வார், மறுபாதியை நான் முடிப்பேன். இப்போது இரண்டையும் நானே சொன்னேன். முதல் பாதியில்தான் தடுமாறும்.

ஒரு சனிக்கிழமை, அதே கப்பலில் இருப்பவரின் மனைவி "தீர்ப்பு வந்துடிச்சு" என்று செய்தி அனுப்பினார். வழக்கு முடிந்தால் வந்துவிடுவார் என்றுதானே காத்திருந்தேன். ஞாயிறு பூசையில் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

என் லைனில் வேலை செய்கிற பெண் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனில் தேடிப் படித்தாள்.

"அக்கா, இது ஜெயிச்சதும் இல்ல, தோத்ததும் இல்ல. இந்தக் கேஸை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லிக்கிறாங்க."

"உலகத்துக்கே கோர்ட்டுன்னாங்களே?"

"ரெண்டு நாடும் ஒத்துக்கினாதான் விசாரிப்பாங்களாம். புடிச்ச நாடு, மீன் தகராறுக்கு மட்டும் வரமாட்டேன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு கீதாம். நம்ம சூப்பர்வைசர் பக்கத்து லைன்ல அடிதடின்னாலும் 'என் லைன் இல்ல'ம்பாரே, அந்த மாதிரி."

பின் சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்போ அவரு?"

"அதப் பத்தி ஒண்ணும் போடலக்கா."

மாதாவிடம் சொன்ன நன்றியைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உயிரோடு வைத்திருக்கிறாளே, அதற்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் அவரைப் பேச விடுவார்கள். வியாழக்கிழமை கூப்பிட்டார்.

"கோர்ட்டுல என்ன சொன்னானுவ? இங்க ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான்."

"தப்பு யாரு மேலன்னு சொல்லலங்க. விசாரிக்கவே இல்லையாம்."

"நாங்க புடிச்சது குஞ்சு இல்லட்டி. அதயாவது கேட்டிருக்கலாம்ல," என்றார்.

"எங்கிட்ட சொல்லுங்க."

வலையின் கண் எத்தனை விரல் அகலம், எந்த மீன் அதில் நிற்கும், எது நழுவிப் போகும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். லைன் அறுந்துபோகும்வரை நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.